கையைத் தொடாமல் கைக்குப் பயிற்சி: வீடியோ பிசியோதெரபி கேள்வி பதில்

தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்களுக்கான பயிற்சியை வீடியோ காலில் பெறுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

தொட்டுப் பார்க்காமல் தோள்பட்டையில் என்ன கோளாறு என்று எப்படிச் சொல்ல முடியும்? திரையைப் பார்த்துச் சொல்வதை நம்பலாமா?

நேரில் போனாலும் முதல் கால் மணி நேரம் பேச்சுதான். வலி எப்போது தொடங்கியது, கீழே விழுந்தீர்களா, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கலைகிறது, கை எந்த உயரத்தில் நின்றுவிடுகிறது... பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். பேச்சுக்குத் திரை தடையில்லை. நீங்களாகக் கையை அசைப்பதைப் பார்ப்பதற்கும் தடையில்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். நேரில் என்றால் பிசியோதெரபிஸ்ட் உங்கள் கையைத் தன் கையில் வாங்கி, தளரவிடச் சொல்லி, தானே தூக்கிப் பார்ப்பார். நீங்கள் தூக்கினால் 90 டிகிரியில் நிற்கும் கை, அவர் தூக்கினால் 160 வரை போகிறதென்றால் மூட்டு இறுகவில்லை. தூக்கும் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் கிழிசலோ, தசையில் பலவீனமோ, வலி தரும் தயக்கமோ இருக்கிறது. அவர் தூக்கினாலும் அதே 90-இல் முட்டி நின்றால், மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு.

வீடியோவில் இந்தச் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. மல்லாந்து படுங்கள். நல்ல கையால் வலிக்கும் கையின் மணிக்கட்டைப் பிடித்து, வலிக்கும் கையைத் துணிபோல் தளரவிட்டு, தலைக்கு மேலே கொண்டுபோங்கள். பிசியோதெரபிஸ்ட் தூக்குவதற்கு ஏறக்குறைய இதுவே சமம். இதைச் செய்யச் சொல்லாமலே ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ (மூட்டு உறை இறுகிய தோள்) என்று முத்திரை குத்துகிறார்கள் என்றால் அந்த ஆலோசனையை இன்னொருவரிடம் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வலிக்கும் இடத்தை நீங்கள் காட்டும் விதமே ஒரு தகவல். உள்ளங்கையால் மேற்கையின் வெளிப்புறம் முழுவதையும் தடவிக் காட்டினால் பெரும்பாலும் தோள் மூட்டு அல்லது அதன் தசைநாண்கள். தோளின் உச்சியில் உள்ள எலும்பு மேட்டில் ஒற்றை விரலை வைத்தால் காறை எலும்பு வந்து சேரும் சின்ன மூட்டு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கை போனால் கழுத்தையும் பார்க்க வேண்டும்.

திரையால் முடியாதவை: மூட்டு முட்டும்போது அது மெத்தென்று நிற்கிறதா, கட்டையாக நிற்கிறதா என்று உணர்வது, மூட்டைக் கையால் நெகிழ்த்துவது, தழும்பு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, கையை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட்டைச் செய்து பொருத்துவது. இவை தேவைப்படும் நாளில் நேரில் போயே ஆக வேண்டும்.

கேமராவை எங்கே வைப்பது? ஒவ்வொரு முறையும் ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், இருட்டாக இருக்கிறது, கை தெரியவில்லை’ என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

வீடியோ பிசியோதெரபி சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். மருத்துவ அறிவுக்கு அப்புறம் வருவோம். முதலில் ஃபோனைக் கையில் பிடிக்காதீர்கள். தோள் உயரத்துக்கு ஒரு அலமாரித் தட்டிலோ புத்தக அடுக்கிலோ நிறுத்தி, படுக்கை வாட்டில் திருப்பி, நீங்கள் 2 மீட்டர் தள்ளி நில்லுங்கள். இடுப்பிலிருந்து, தூக்கிய கையின் விரல் நுனி வரை சட்டத்துக்குள் வர வேண்டும். வெளிச்சம் ஃபோனுக்குப் பின்னாலிருந்து உங்கள்மேல் விழ வேண்டும். உங்களுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் திரையில் தெரிவது கறுப்பு நிழல்தான்.

அடுத்தது கோணம். கேமரா எப்போதும் அசைவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். கையை முன்பக்கமாகத் தூக்குகிறீர்களா, கேமரா பக்கவாட்டில், அதுவும் வலிக்கும் கைப் பக்கத்தில். பக்கவாட்டில் தூக்குகிறீர்களா, கேமரா முதுகுக்குப் பின்னால். பின்னாலிருந்து பார்த்தால்தான் கைக்குப் பதில் தோள் காதை நோக்கி ஏறுவதும், தோள்பட்டை எலும்பின் ஓரம் சிறகுபோல் புடைப்பதும் தெரியும். அதற்காகவே கையில்லாத பனியனோ, முதுகு தெரியும் உடையோ வேண்டும். தொளதொளச் சட்டை எல்லாத் தவறையும் மூடிவிடும்.

தோளை வெளிப்பக்கம் திருப்பும் அசைவைத்தான் பலரும் தவறாகப் படம்பிடிக்கிறார்கள். மல்லாந்து படுத்து, முழங்கையை இடுப்போரமாக ஒட்டி, 90 டிகிரி மடக்கி, முன்கையைக் கூரையை நோக்கி நிறுத்துங்கள். இப்போது கேமரா கால்மாட்டில், படுக்கை உயரத்தில், முழங்கைக்கு நேராக இருக்க வேண்டும். முன்கை செங்குத்தாக நின்றால் 0, வெளிப்பக்கம் சாய்ந்து படுக்கையைத் தொட்டால் 90. பக்கத்திலிருந்து எடுத்தால் இந்தக் கோணம் தெரியவே தெரியாது.

ஃபோன் லேசாகச் சாய்ந்திருந்தாலும் அளவு தப்பும். பின்னணியில் ஒரு கதவுச் சட்டம் தெரியும்படி நின்றால், பிசியோதெரபிஸ்ட் அதையே செங்குத்துக் கோடாக வைத்துக் கோணத்தை அளந்துகொள்வார்.

விரல்களுக்கு ஏற்பாடே வேறு. அலமாரித் தட்டின் விளிம்பில் ஃபோனைப் பாதி வெளியே நீட்டி, கேமரா கீழே பார்க்கும்படி ஒரு கனமான புத்தகத்தால் அழுத்தி வையுங்கள். மேசையிலிருந்து 30 முதல் 40 செ.மீ. உயரம் போதும். கைக்கு அடியில் கருநிறத் துணி. மணிக்கட்டு நரம்பும் விரல் மூட்டும் வெளிறிய பின்னணியில் கரைந்துபோகும்.

சில ஃபோன்களின் செல்ஃபி கேமரா சேமிக்கும் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறியிருக்கும். வலது தோளுக்குச் சொன்ன பயிற்சி இடது தோளுக்கு எழுதப்படுவது இப்படித்தான். வலிக்கும் கையின் மணிக்கட்டில் ஒரு ரிப்பனைக் கட்டிக்கொண்டால் குழப்பமே இல்லை.

சர்க்கரை நோய் உண்டு. வயது 54. தோள் இறுகி எட்டு மாதமாகிறது. வீடியோவில் சொன்ன பயிற்சிகளை விடாமல் செய்கிறேன், வலி கூடிக்கொண்டே போகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், குறையுங்கள். தோள் இறுக்கத்தில் ‘வலியைப் பொறுத்துக்கொண்டு இழுத்தால் விட்டுவிடும்’ என்ற நம்பிக்கைதான் அதிகக் கெடுதல் செய்கிறது. மூட்டு உறை புண்பட்டுச் சிவந்திருக்கும் கட்டத்தில் இழுத்தால் அது இன்னும் சுருங்கும்.

உங்களுக்கு எந்தக் கட்டம் என்று நீங்களே கணிக்கலாம். கையை அசைக்காமல் இருக்கும்போதும் வலிக்கிறது, இரவில் எழுப்புகிறது, அசைவின் எல்லையை எட்டும் முன்பே வலி வந்துவிடுகிறது என்றால் தோள் இன்னும் எரிச்சலில் இருக்கிறது. அப்போது ஒவ்வொரு இழுவையையும் 1 முதல் 5 வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நின்றுவிட வேண்டும். பத்து முறை, ஒரு நாளில் மூன்று நான்கு தடவை. ஓய்வில் வலியில்லை, எல்லையில் மட்டும் இறுக்கமாக இழுக்கிறது என்றால் 20, 30 வினாடி பிடித்து நீட்டலாம்.

அளவுகோல் ஒன்றுதான். 10-க்கு 3 அல்லது 4 வரையிலான வலி, பயிற்சி முடிந்து சிறிது நேரத்தில் அடங்கினால் சரி. மறுநாள் காலையிலும் கூடுதலாக வலித்தால் நேற்றுச் செய்தது அதிகம். அடுத்த அழைப்பில் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எத்தனை மணி நேரம் வலி நின்றது என்று எழுதிவைத்துச் சொல்லுங்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உங்கள் தோளின் சூடு தெரியாது. உங்கள் குறிப்புதான் தெரியும்.

பயிற்சிகளில் எதையாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், கோலால் வெளிப்பக்கம் திருப்புவதை வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரோசன் ஷோல்டரில் மற்ற அசைவுகளைவிட முதலில் பறிபோவது அதுதான். மல்லாந்து படுத்து, வலிக்கும் கையின் முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று. ஒரு மீட்டர் நீளக் கம்பையோ குடையையோ இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் மற்ற கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். இதில் மூன்று தவறுகள் வழக்கம். முழங்கை உடம்பைவிட்டு விலகும். மணிக்கட்டு மட்டும் பின்னால் வளைந்து, தோள் திரும்பியதுபோல் காட்டும். உடம்பே புரளும். விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு சின்னத் துண்டைச் சொருகுங்கள். அது விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று பொருள்.

இதுவரை எக்ஸ்ரே எடுக்கவில்லை என்றால் ஒன்று எடுத்துவிடுங்கள். ஃப்ரோசன் ஷோல்டரில் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டுத் தேய்மானத்திலும், வலிப்புக்கோ மின்அதிர்ச்சிக்கோ பிறகு தோள் பின்பக்கமாக நழுவி மாட்டிக்கொண்டாலும் கை இதேபோல் வெளியே திரும்பாது. அதை வீடியோவில் பிரித்தறிய முடியாது.

வலி கடுமையாக இருந்தால் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி பற்றி எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் தோள் விட்டுக்கொடுக்கக் கூடுதல் காலம் எடுக்கும். மாதக் கணக்கு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வாரக் கணக்கு அல்ல.

முதல் அழைப்புக்கு முன்பே 30 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அனுப்பி நிரப்பச் சொன்னார்கள். ஜாடி மூடியைத் திறக்க முடிகிறதா, எழுத முடிகிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள். இது எதற்கு?

அதன் பெயர் டாஷ். கை, தோள், கைவிரல் கோளாறுகளால் அன்றாட வேலை எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கும் வினாப்படிவம். கனடாவின் வேலை மற்றும் உடல்நல ஆய்வு நிறுவனமும் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் கழகமும் சேர்ந்து உருவாக்கி, 1996-இல் வெளியானது. தொடாமல் அளக்கக்கூடியது என்பதால் வீடியோ ஆலோசனைக்கு நன்றாகப் பொருந்துகிறது.

கணக்கு எளிது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 1 என்றால் சிரமமில்லை, 5 என்றால் முடியவே இல்லை. மொத்தத்தைப் பதில் சொன்ன கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்து, 1-ஐக் கழித்து, 25-ஆல் பெருக்க வேண்டும். 30-க்கும் பதில் சொல்லி மொத்தம் 84 வந்தால், 84-ஐ 30-ஆல் வகுக்க 2.8. ஒன்று போக 1.8. பெருக்கினால் 45. ஆறு வாரம் கழித்து மொத்தம் 63 என்றால் 27.5. அதாவது 17.5 புள்ளி குறைந்திருக்கிறது. 0 என்றால் தடையே இல்லை, 100 என்றால் முழுத் தடை. ஐந்து புள்ளி ஆறு புள்ளி ஏறி இறங்குவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து, பதினைந்தைத் தாண்டினால்தான் உண்மையான மாற்றம் என்று நம்பலாம்.

27 கேள்விக்குக் குறைவாகப் பதில் சொல்லியிருந்தால் அந்தப் படிவம் செல்லாது. 11 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. அதில் குறைந்தது 10 வேண்டும்.

நிரப்பும்போது நேரும் தவறு: ‘வலது கையால் முடியவில்லை, இடது கையால் செய்துவிடுகிறேன், ஆகவே என்ன போடுவது?’ என்று திண்டாடுவது. எந்தக் கையால் செய்தீர்கள் என்பது கணக்கில்லை. அந்த வேலை கடந்த ஒரு வாரத்தில் உங்களால் ஆனதா, எவ்வளவு சிரமப்பட்டு ஆனது என்பதுதான் கேள்வி. அந்த வாரம் அந்த வேலை வரவே இல்லை என்றால், வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் போடுங்கள்.

மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டு பத்து நாள். விரல்கள் வீங்கியிருக்கின்றன. கட்டுப் பிரித்த பிறகுதானே பயிற்சி?

இல்லை. கட்டுக்குள் இருக்கும் மணிக்கட்டுக்குத்தான் ஓய்வு. விரல், முழங்கை, தோள் மூன்றும் முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும், மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது மணிக்கட்டைவிட விரல்கள் அதிகம் இறுகியிருப்பதைப் பார்த்துப் பலரும் திகைக்கிறார்கள்.

வீடியோவில் முதலில் காட்ட வேண்டியது உள்ளங்கைப் பக்கத்தை. விரல்களுக்குக் கீழே உள்ளங்கையில் குறுக்கே ஓடும் ரேகையை மாவுக்கட்டு மூடியிருக்கக் கூடாது. மூடியிருந்தால் அடிவிரல் மூட்டு மடங்காது. எவ்வளவு பயிற்சி செய்தும் பயனில்லை. கட்டுப் போட்ட இடத்திலேயே அதை வெட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும். வீட்டில் கத்திரிக்கோலை எடுக்காதீர்கள்.

பிறகு ஆறு அசைவுகள்: விரல்களை நேராக நீட்டுவது, அடி மூட்டை மட்டும் மடக்கி மேசைபோல் வைப்பது, கொக்கிபோல் மடக்குவது, முழு முஷ்டி, விரல்களை விரித்துச் சேர்ப்பது, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொடுவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்துப் பத்து. முஷ்டி எவ்வளவு முடிந்தது என்பதற்கு ஸ்கேலை எடுத்து, விரல் நுனிச் சதைக்கும் உள்ளங்கை ரேகைக்கும் இடையே எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதுங்கள். ‘பரவாயில்லை’ என்பதைவிட ‘3 செ.மீ.’ என்பது ஆயிரம் மடங்கு மேல்.

வீக்கத்துக்கு: முழங்கை நெஞ்சுக்கு மேல், கை முழங்கைக்கு மேல். கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் தூளியில் மணிக்கட்டு முழங்கையைவிடத் தாழ்ந்து தொங்கினால் அந்தத் தூளியே வீக்கத்துக்குக் காரணம். மோதிரம் இருந்தால் இன்றே கழற்றுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: மாத்திரைக்கு அடங்காமல் ஏறும் வலி, வேறொருவர் உங்கள் விரலை நீட்டினால் முன்கையில் தாங்க முடியாத வலி, விரல் வெளிறுவது, நீலம் பாய்வது, மரத்துப்போவது, நகத்தை அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் சிவப்புத் திரும்பாமல் இருப்பது. இதைப் பார்க்க நகச்சாயம் இல்லாமல் இருக்க வேண்டும். வீடியோ காலுக்காகக் காத்திருக்க வேண்டிய நேரம் அல்ல அது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. முறிவு பெரிதாக நகராமல் நன்றாகக் கூடியவர்களுக்கும், சில வாரம் கழித்துக் கட்டைவிரலை நிமிர்த்தும் தசைநாண் வலியே இல்லாமல் அறுந்துவிடலாம். கட்டுப் பிரித்த பிறகு உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்து, கட்டைவிரலை மட்டும் மேலே தூக்குங்கள். நேற்றுத் தூக்க முடிந்தது, இன்று எழவில்லை என்றால் அது பயிற்சிக் குறைபாடு அல்ல. அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

விரலை மடக்கும் தசைநாண் அறுந்து தைத்து மூன்று வாரம். ஸ்பிளின்ட் ஓரம் உராய்கிறது. வீடியோவில் பார்த்து எப்படி வளைப்பது என்று சொல்வார்களா?

சொல்லக் கூடாது, நீங்களும் செய்யக் கூடாது. தைத்த தசைநாண் முதல் சில வாரங்களில் மிகப் பலவீனமாக இருக்கும். ஸ்பிளின்ட்டின் கோணம் சற்று மாறினாலும் தையல் இழுபடும். அதைச் செய்தவரிடம் நேரில் போய்ச் சரிசெய்யுங்கள். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், மாட்டிக்கொண்டே போங்கள்.

ஸ்பிளின்ட்டின் பிளாஸ்டிக் 60, 70 டிகிரி சூட்டில் இளகக்கூடியது. வெந்நீரில் கழுவுவது, அடுப்பருகே வைப்பது, வெயிலில் நிறுத்திய காருக்குள் விடுவது எல்லாம் அதன் வடிவத்தைக் கெடுக்கும். விரலில் ‘டப்’ என்று ஏதோ விட்டதுபோல் இருந்து, அதன்பின் நுனி மடங்கவில்லை என்றால் அன்றைக்கே அறுவை மருத்துவர். பாரம் தூக்குவதெல்லாம் 12 வாரத்துக்குப் பிறகு, அதுவும் அவர் சொன்னால்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம். வலது கை தொங்குகிறது. வீடியோவில் பயிற்சி கொடுப்பவர் அப்பாவிடம் பேசுகிறாரா, என்னிடமா என்றே தெரியவில்லை. கயிறு கப்பி மாட்டிக் கையைத் தூக்கச் சொல்லலாமா?

கப்பி வேண்டாம். தோளைச் சுற்றியுள்ள தசைகள் செயலற்றிருக்கும்போது கையெலும்பு குழியிலிருந்து சற்றுக் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் நல்ல கையால் கயிற்றை இழுத்து மற்ற கையை உயர்த்தினால், தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல், நடுவில் உள்ள திசுக்கள் நசுங்கும். பக்கவாதத்துக்குப் பின் வரும் தோள்வலியைக் கூட்டும் வழிகளில் இது ஒன்று. இன்னொரு வழி, எழுப்பும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் அந்தக் கையைப் பிடித்து இழுப்பதும். இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள்.

உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை தொங்கவே கூடாது. மடியில் தலையணை அல்லது பக்கத்தில் மேசை. நீங்கள் அசைத்துக் கொடுக்கும்போது தோள் உயரத்துக்கு, அதாவது 90 டிகிரிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். ஒரு கையால் முழங்கையைத் தாங்கி, மற்றொன்றால் மணிக்கட்டைப் பிடித்து, அவருடைய கட்டைவிரல் மேலே பார்க்கும்படி திருப்பிக்கொண்டு தூக்குங்கள். அதற்கு மேல் தூக்க வேண்டுமானால் தோள்பட்டை எலும்பையும் கூட நகர்த்தும் பிடி வேண்டும். அதை ஒருமுறையாவது நேரில், உங்கள் கைமேல் பிசியோதெரபிஸ்ட்டின் கையை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். வீடியோவில் பார்த்து வருவதில்லை.

இந்த அழைப்பில் மாணவர் நீங்கள்தான். ஆகவே கேமராவில் அப்பாவின் முகத்தைவிட உங்கள் இரண்டு கைகளும் தெரிய வேண்டும். ஃபோனை இன்னொருவர் பிடிக்கட்டும் அல்லது ஸ்டாண்டில் நிற்கட்டும். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகு ‘சரி, புரிந்தது’ என்று முடித்துவிடாமல், செய்து காட்டித் திருத்தம் வாங்குங்கள். அப்பாவிடம் கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்ல நேரம் விடுங்கள். பேச்சு தடுமாறினால் தலையசைப்பு போதும். களைப்பில்லாத வேளையில் 20 நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது.

மணிக்கட்டைச் சுமார் 20 டிகிரியும் விரல்களைச் சுமார் 10 டிகிரியும் அவராகவே நிமிர்த்த முடிகிறது என்றால், நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பாதித்த கையையே வேலை செய்யவைக்கும் தீவிரப் பயிற்சிக்கு அவர் ஏற்றவரா என்று கேளுங்கள். அந்த அளவு அசைவு இல்லையென்றால் கண்ணாடிப் பயிற்சி: நிலைக்கண்ணாடியை மார்புக்கு நேர் நடுவில் செங்குத்தாக நிறுத்தி, பாதித்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க முயல்வது. வீடியோவில் நன்றாக நடத்தக்கூடியது. கேமராவை அப்பாவின் தலைக்குப் பின்னால் சற்று உயரத்தில் வைத்தால், அவர் பிம்பத்தைப் பார்க்கிறாரா, வேறெங்கோ பார்க்கிறாரா என்று தெரியும்.

நாள் முழுக்கத் தட்டச்சு வேலை. இரவில் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. உதறினால் சரியாகிறது. கடையில் மணிக்கட்டுப் பட்டை வாங்கிப் போட்டேன், பலனில்லை.

உதறினால் சரியாகிறது என்பதே மணிக்கட்டுச் சுரங்கத்தில், அதாவது நரம்பு விரல்களுக்குப் போகும் குறுகிய வழியில், அந்த நரம்பு நெருக்கப்படுவதற்கான வலுவான குறி. எந்தெந்த விரல்கள் என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் அந்த நரம்புதான். சுண்டுவிரல் என்றால் முழங்கைக்குப் பின்னால் ஓடும் வேறு நரம்பு. அதற்கு மணிக்கட்டுப் பட்டை எதுவும் செய்யாது. அழைப்புக்கு முன் ஒரு தாளில் கையின் படத்தை வரைந்து மரக்கும் பகுதியில் கோடு போட்டு அனுப்புங்கள். வீடியோவில், இரண்டு மணிக்கட்டையும் முழுதாக மடக்கிப் புறங்கைகளைச் சேர்த்து 60 வினாடி வைத்திருக்கச் சொல்வார்கள். அதற்குள் அதே விரல்கள் மரத்தால் சந்தேகம் வலுப்படும்.

பட்டை பலனளிக்காததற்கு நாங்கள் முதலில் சந்தேகப்படுவது அதற்குள் இருக்கும் உலோகத் தகட்டை. கடையில் கிடைக்கும் பல பட்டைகளில் அது மணிக்கட்டை 20, 30 டிகிரி பின்னால் வளைத்து வைக்கும் வகையில் இருக்கும். சுரங்கத்தில் அழுத்தம் குறைவாக இருப்பது மணிக்கட்டு ஏறக்குறைய நேராக இருக்கும்போதுதான். தகட்டை உருவி, மேசை விளிம்பில் வைத்து நிமிர்த்தி, மறுபடி சொருகுங்கள். நேராக்கிய பட்டையைப் பக்கவாட்டிலிருந்து படமெடுத்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். இரவில் மட்டும், ஆறு வாரம்.

கட்டைவிரலின் அடிச்சதை மற்ற கையைவிடத் தட்டையாகிவிட்டதா என்று பாருங்கள். இரண்டு கையையும் பக்கம் பக்கமாக வைத்து, ஓரத்திலிருந்து வெளிச்சம் விழும்படி படமெடுத்தால் பள்ளம் தெரியும். தெரிந்தாலோ, மரமரப்பு பகலிலும் நீங்காமல் இருந்தாலோ பட்டையோடு காலம் கடத்தாமல் நரம்புக் கடத்தல் சோதனைக்குப் போங்கள். தைராய்டு, சர்க்கரை, கர்ப்பம் எல்லாம் இதற்குப் பின்னணியாக இருக்கலாம்.

வீட்டிலேயே பிடிப்பு வலுவை அளக்க வழியுண்டா? அதற்கான கருவி என்னிடம் இல்லை.

கடிகார முள் வைத்த பழைய வகை ரத்த அழுத்தக் கருவி இருந்தால் போதும். பட்டையைச் சுருட்டி, 20 மி.மீ. பாதரசம் வரை காற்றேற்றி, உட்கார்ந்து முழங்கையை 90 டிகிரி மடக்கி, மூன்று முறை பிழியுங்கள். இடையில் சற்று ஓய்வு. முள் எட்டிய உச்சங்களின் சராசரியை எழுதுங்கள். மற்ற கைக்கும் அதே. இது கிலோ அல்ல. உங்கள் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிட முடியும். தானியங்கி டிஜிட்டல் கருவியில் இது நடக்காது.

எலாஸ்டிக் பட்டையில் ‘சிவப்பு வாங்குங்கள்’ என்றார்கள். வாங்கினேன், இழுக்கவே முடியவில்லை.

நிறத்துக்குப் பொது விதி கிடையாது. தெராபேண்டு வரிசையில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று வலு ஏறும். வேறு தயாரிப்பில் சிவப்பே கடைசியாக இருக்கலாம். பெட்டியின் படத்தை முதலில் அனுப்பிக் கேளுங்கள்.

அதைவிட முக்கியம் நீளம். பட்டையின் எதிர்ப்பு, அது தன் இயல்பு நீளத்தைவிட எத்தனை மடங்கு நீள்கிறது என்பதைப் பொறுத்தது. அரை மீட்டர் பட்டையை அரை மீட்டர் இழுத்தால் இரட்டிப்பு. ஒரு மீட்டர் பட்டையை அதே அளவு இழுத்தால் ஒன்றரை மடங்குதான், கை உணரும் கனமும் குறைவு. ஆகவே பட்டையை மாற்றும் முன், நீளமாகப் பிடித்துப் பாருங்கள். சரியான இடம் கிடைத்ததும் நிற்கும் இடத்தில் தரையில் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இன்று ஒரு எட்டு முன்னே நின்று ‘வலு கூடிவிட்டது’ என்று சொல்வீர்கள்.

ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இழுங்கள். அறுந்தால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் லேடெக்ஸ் இல்லாத பட்டை என்று கேட்டு வாங்குங்கள்.

இணைய இணைப்பு விட்டு விட்டு வருகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வீடியோ பிசியோதெரபி சரிவருமா?

நேரலையைவிடப் பதிவு செய்து அனுப்புவது பல சமயம் மேல். நேரலையில் இணைப்பு தடுமாறும்போது படம் மங்கி, அசைவு தாவித் தாவித் தெரியும். தோள்பட்டை எலும்பு புடைப்பது, விரல் சொடுக்கிக்கொண்டு நிமிர்வது போன்ற நுண்ணிய அசைவுகள் அதில் தப்பிவிடும். முதல் நாள் இரவே ஒவ்வொரு அசைவையும் மூன்று முறை செய்து, 20 வினாடிக்குள் தனித்தனித் துண்டுகளாக எடுத்து அனுப்பிவிடுங்கள். அனுப்பும் செயலி படத்தைச் சுருக்காமல் இருக்க, கோப்பாக இணைத்து அனுப்புங்கள். மறுநாள் பேசுவதற்குச் சாதாரண ஃபோன் அழைப்பே போதும். யார் யார் அதைப் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று அனுப்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.